வில்லனுக்கு ஃப்ளாஷ்பேக் கிடையாது

ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி என் மடியில்தான் வரும். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் டிவியும் சிடி பிளேயரும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். டிவியை நானும் பிளேயரைப் பேச்சியும் மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில், நாங்கள் குடியிருந்த மண்ணூர் வரைக்கும் வருவோம். சாலை குண்டும் குழியுமாக இருக்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பேச்சி என்னைப் பார்த்து, டிவிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பாள். எனக்கு என்ன ஆயிற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றைக்குப் படம் முடிந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் சூடு நேராக உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழ் வீட்டில் சர்ச்சுக்குப் போய்வந்து வைத்த கோழிக் குழம்பின் வாசனை மாடிப்படி ஏறி வந்தது. திரையில் ஹீரோ, கோர்ட்டில் பொய்சாட்சி சொன்ன பள்ளிக்கூட வாட்ச்மேனை ஓங்கி ஓர் அறை அறைந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். பேச்சி கைதட்டினாள். நானும் தட்டினேன். ஸ்டெல்லா தட்டவில்லை. சுவரில் சாய்ந்து, அறை வாங்கியவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, ஆரம்பிக்கலாமா?" என்றேன். எங்களுக்குப் படம் முடிந்த பிறகுதான் படமே ஆரம்பிக்கும்.

போன வாரம் இந்தத் தொடரில் நான் ஹாஸ்டலைக் காலிசெய்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், நாள் முழுக்கக் கம்பெனி லைனில் நின்ற பெண்கள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தத்துவம் பேசினார்கள் என்பது கொஞ்சம் அளப்பதுபோல இருக்கிறது என்று எழுதியிருந்தார். அவருக்கு ஒன்று சொல்கிறேன். நாள் முழுக்க நின்றதால்தான் பேசினோம். கால்தான் வலிக்கும், வாய்க்கு என்ன வந்தது?

ஏன், ஏன், ஏன்

புதிதாகப் படிப்பவர்களுக்காக எங்கள் மூவரையும் சொல்லிவிடுகிறேன். நான் கோமதி, சங்கரன்கோவில் பக்கம். பேச்சி கோவில்பட்டி பக்கம். ஸ்டெல்லா உள்ளூர்க்காரி. நாங்கள் குடியிருந்த மாடி அவளுடைய அம்மா ரோசம்மாவுக்குச் சொந்தம். அவர்களுடைய நிலம் இப்போது ஒரு கம்பெனியின் மதில் சுவருக்கு உள்ளே இருக்கிறது. நிலம் போனதில் ரோசம்மாவுக்கு மிஞ்சியது இந்த மாடியும், மகளுக்கு வேலை தருவோம் என்ற ஒரு வாய் வார்த்தையும்.

மூவரும் ஒரே கம்பெனியில், ஒரே லைனில் வேலை பார்த்தோம். காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்பும் கம்பெனி. மூவருமே காண்ட்ராக்ட். ஆனால் அடுத்த பெர்மனென்ட் பட்டியலில் ஸ்டெல்லாவின் பெயர் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ரோசம்மா அதற்காக மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். பக்கத்திலேயே இருக்கிறாரே என்று வல்லக்கோட்டை முருகனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார்.

வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு பாடம் நடத்தினார்கள். லைனில் ஒரு தவறு நடந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். பதில் வந்ததும் அதற்கு ஏன் என்று கேட்க வேண்டும். இப்படியே இனிமேல் கேட்க முடியாது என்கிற இடம்வரை போனால் மூல காரணம் கிடைக்கும். இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. எந்த 'ஏன்'னுக்கும் பதிலாக ஆளின் பெயரைச் சொல்லக் கூடாது. ஆள் கவனக்குறைவாக இருந்தாள் என்று எழுதிவிட்டால் விசாரணை அங்கேயே செத்துப்போகும் என்றார் சொல்லிக்கொடுத்தவர்.

கம்பெனியில் அந்த விதியை யாரும் பின்பற்றிப் பார்த்ததில்லை. நாங்கள்தான் மாடிக்கு எடுத்து வந்து படங்கள்மேலும் கதைப் புத்தகங்கள்மேலும் பிரயோகித்தோம்.

வாட்ச்மேன் ஏன் பொய் சொன்னான்? பண்ணையார் வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று மிரட்டினார். அதற்கு ஏன் பயந்தான்? வேறு பிழைப்பு இல்லை. ஏன் இல்லை? விவசாயத்தை விட்டுவிட்டான். ஏன் விட்டான்? கிணறு வற்றிவிட்டது. கிணறு ஏன் வற்றியது? மழை இல்லை. ஆக, ஒரு அப்பாவி ஜெயிலுக்குப் போனதற்கு மழைதான் காரணம் என்று நானும் பேச்சியும் ஏகமனதாகத் தீர்ப்பு எழுதினோம். சற்றுமுன் கைதட்டிய கைகளாலேயே எழுதினோம்.

ஸ்டெல்லா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எல்லாத்தையும் மழையே பண்ணிச்சின்னா, அவன் எதுக்குப் படத்துல கீறான்? மழையக் கூண்டுல ஏத்த வேண்டியதுதான?"

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

ரீலைத் தின்ற ஆபரேட்டர்

எங்கள் ஊர்த் தியேட்டரில் ஒரு ஆபரேட்டர் இருந்தார். பக்கத்துக் கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸை அவர் பிடித்தாக வேண்டும். படம் நீளமாக இருந்தால் மாலைக் காட்சியில் ஒரு ரீலைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடுவார். சண்டையில் கைவைத்தால் ஜனங்கள் கல் எறிவார்கள். பாட்டில் கைவைத்தால் விசில் அடிப்பார்கள். அதனால் அவர் ஃப்ளாஷ்பேக்கில் கைவைப்பார்.

ஒருமுறை என் அப்பா மதியக் காட்சியும் அம்மா மாலைக் காட்சியும் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்பா ஹீரோவை உத்தமன் என்றார். தங்கச்சியை இழந்தவன் வேறு என்னதான் செய்வான் என்று கேட்டார். அம்மாவுக்கு அவன் கண்டவனையெல்லாம் காரணமில்லாமல் வெட்டித் திரிகிற ரவுடி. எந்தத் தங்கச்சி என்று அம்மா கேட்க, தூங்கிக்கொண்டே படம் பார்த்தாயா என்று அப்பா கேட்க, இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தச் சண்டையை வைத்துத்தான் மாடியில் நான் ஒரு சித்தாந்தம் கட்டியிருந்தேன். நம் சினிமாவில் ஹீரோ பத்துப் பேரைக் கொல்லலாம், அவனுக்கு ஃப்ளாஷ்பேக் உண்டு. வில்லன் ஒருத்தனைக் கொன்றால் போதும், அவன் வில்லன். அவனுக்கும் ஒரு தங்கச்சி இருந்திருக்கலாம், யார் காட்டினார்கள்? யாருக்கு ஒரு ரீல் கொடுக்கிறோமோ அவன் நல்லவன். கம்பெனியில் மட்டும் என்ன வாழ்கிறது? மெஷின் நின்றால் சூப்பர்வைசருக்கு ஆயிரம் காரணம் இருக்கும். வயர் மாறினால் எங்களுக்குக் கவனக்குறைவு என்ற ஒரே காரணம்தான்.

பேச்சி என்னைவிட ஒரு படி மேலே போவாள். அவள் நாவல் பைத்தியம். லெண்டிங் லைப்ரரியில் எடுத்துவந்து, காலை ஷிஃப்ட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே படிப்பாள். அப்போது அவள் படித்துக்கொண்டிருந்த நாவலில் ஒரு டாக்டர், சாகக் கிடக்கும் நோயாளியை விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விடுகிறார். போகும்முன் அவருடைய சின்ன வயதும், அடித்தே வளர்த்த அப்பாவும், தூங்காத ராத்திரிகளும் பக்கம் பக்கமாக வருகின்றன.

"இவ்வளவும் படிச்ச பெறவு அந்தாள எப்படிட்டி வைய முடியும்?" என்றாள் பேச்சி. முழுதாகத் தெரிந்துவிட்டால் உலகத்தில் யாரையும் வைய முடியாது, அதற்காகத்தான் மனிதன் புத்தகம் எழுதுகிறான் என்பது அவள் கட்சி.

நோயாளிக்கு எத்தனை பக்கம் என்று ஸ்டெல்லா கேட்டாள். பேச்சி புரட்டிப் பார்த்தாள். அவன் முதல் அத்தியாயத்தோடு சரி. அன்றைய விவாதம் அத்துடன் முடிந்து, கோழிக் குழம்பு சாப்பிடக் கீழே போனோம்.

இரண்டு மஞ்சள்

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, நாங்கள் அனுப்பிய வயர் கட்டுகளில் ஒரு ட்ரே கார் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது. இரண்டு வயர்கள் இடம் மாறியிருந்தன. ஒன்று மஞ்சளில் பச்சைக் கோடு, இன்னொன்று மஞ்சளில் நீலக் கோடு. பகல் வெளிச்சத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். ஆனால் ஸ்டெல்லாவின் தலைக்கு மேலிருந்த ட்யூப் லைட் ஒரு வாரமாக மினுக்கிக்கொண்டிருந்து, அந்தக் கட்டுகள் ஓடிய ஷிஃப்ட்டின் நடுவில் மொத்தமாக அணைந்துபோனது. மாற்றச் சொல்லிக் கேட்டதற்கு, மாதக் கடைசி அனுப்புதல் முடியட்டும் என்று சூப்பர்வைசர் வரதன் சார் தள்ளிப்போட்டிருந்தார்.

மாறிய வயர்களில் ஒன்று பிரேக் விளக்குக்குப் போவது. அதனால் கம்பெனி ஆடிப்போய்விட்டது. ஸ்டெல்லாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் பெர்மனென்ட் போய்விடும். வேலையே போனாலும் போகும். உடன் வேலை செய்பவர்கள் கூட வரலாம் என்றார்கள்.

நானும் பேச்சியும் அன்று இருந்த வேகத்தை இப்போது நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது. மாடியில் உட்கார்ந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'ஏன் ஏன்' எழுதினோம். வயர் ஏன் மாறியது? நிறம் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? விளக்கு இல்லை. ஏன் இல்லை? மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை? அனுப்பும் அவசரம். கம்பெனி சொல்லிக்கொடுத்த பாடத்தையே கம்பெனியின் முன்னால் விரிக்கப் போகிறோம். எங்கேயும் ஆளின் பெயர் இல்லை. ஒரு வழியாக எங்களில் ஒருத்திக்கும் ஃப்ளாஷ்பேக் கிடைக்கப் போகிறது.

ஸ்டெல்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சரி என்று சொன்னாள். எப்போதும் கடைசியில் ஒரு கேள்வி கேட்கிறவள் அன்று கேட்கவில்லை என்பதை நான் பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏசி அறை

விசாரணை நடந்த அறையில் ஏசி ஓடியது. எங்கள் மூவருக்கும் பல் கிட்டியது. மேஜைக்கு அந்தப் பக்கம் தரம் பார்க்கும் மேனேஜர், ஆபீஸிலிருந்து ஒருவர், ஓரமாக வரதன் சார். நான்தான் பேசினேன். குரல் நடுங்கவில்லை என்று பேச்சி பிற்பாடு சொன்னாள்.

மேனேஜர் படித்த மனிதர். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். வரதன் சாரின் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. முடித்தபோது மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஆக இந்தப் பெண்ணுக்குத் தெரிவதற்கு வாய்ப்பே இருந்திருக்காது என்றார். ஜெயித்துவிட்டோம். பேச்சி மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"எனக்குத் தெர்யும் சார்" என்றாள் ஸ்டெல்லா.

மேனேஜர் கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்தார்.

"இவங்க சொன்னது எல்லாமே நெசம். ஆனா லைட்டு சுத்தமா போறதுக்கு முன்னாடியே எனக்கு டவுட்டு வந்துச்சு. சுவிட்ச்சுகிட்ட கை போச்சு. அமுத்தல."

ஏன் என்று கேட்டார் மேனேஜர்.

எங்கள் லைனில் ஒரு சிவப்பு சுவிட்ச் உண்டு. தவறு தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அழுத்தி லைனை நிறுத்தலாம் என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். எழுதாத விஷயம் ஒன்றும் உண்டு. அழுத்தியவளை மறுநாள் ஷிஃப்ட் மீட்டிங்கில் எல்லோர் முன்பும் நிற்கவைத்து, உன்னால் இவ்வளவு நேரம் வீண் என்று வரதன் சார் கேட்பார். அதை ஸ்டெல்லா நிதானமாகச் சொன்னாள். பயந்துதான் அழுத்தவில்லை என்றாள். அதே பயம் இருந்தும் போன மாதம் ஒருத்தி அழுத்தினாள், நான் அழுத்தவில்லை என்றும் சொன்னாள். அப்புறம் மேஜைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"லைட்டு போனதுக்கு அப்பால ஓடுன ட்ரேவ மட்டும் தேடிக்கினு கீறீங்க. அதுக்கு முன்னாடி ஓடுனதையும் தேடுங்க சார். ட்யூப் லைட்டுக்கு அது தெர்யாது. எனக்குத் தெர்யும்."

தேடினார்கள். அவள் சொன்ன ட்ரேக்கள் கார் கம்பெனியின் ஸ்டோரில் பிரிக்காமல் இருந்தன. பிரேக் வயர் மாறிய கார் ஒன்றுகூட வெளியே போகவில்லை. எல்லோரும் மூச்சு விட்டார்கள். மறுநாள் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, தெரிந்தே செய்ததாக நீயே ஒத்துக்கொண்டதால் இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னார்கள். வரதன் சாரிடம் ட்யூப் லைட் விஷயத்தில் இனி கவனமாக இருக்கச் சொன்னார்கள்.

நான் அதில் இல்லை

அன்று ஷேர் ஆட்டோவில் வரும்போது நான் ஸ்டெல்லாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ட்ரே விஷயத்தை யாரிடமாவது தனியாகச் சொல்லியிருக்கலாம், அதற்கு ஏன் உன் கழுத்தை நீயே நீட்டினாய் என்று கத்தினேன். டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அவள் சொன்ன பதிலை அவள் சொன்ன வேகத்தில் எழுத எனக்கு வராது. அந்தத் தாளில் விளக்கு இருந்தது, அவசரம் இருந்தது, வரதன் சார்கூட இருந்தார், நான் மட்டும் இல்லை என்றாள். என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக என்னையே எடுத்துவிட்டீர்கள். பயந்ததும் நான், பார்த்ததும் நான். பயந்தவளை மட்டும் எடுக்கிறோம் என்று நினைத்து, தவறைப் பார்த்தவளையும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள். அவளையும் எடுத்துவிட்டால் அந்த ட்ரேயை யார் தேடச் சொல்வது?

அன்றிலிருந்து என் சித்தாந்தத்தில் ஒரு ஓட்டை. அதை இன்றுவரை அடைக்கவில்லை, அடைக்கவும் விரும்பவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல படங்கள் பார்த்துவிட்டேன், பேச்சியின் புண்ணியத்தில் நல்ல நாவல்களும் படித்துவிட்டேன். காரணமே காட்டாமல் ஒருவனை அறைந்துவிட்டுப் போகிற படம் எனக்கு ஆகாது. காரணங்களாக அடுக்கி, கடைசியில் ஆளையே காணாமலடிக்கிற புத்தகமும் ஆகாது. இவ்வளவு நெருக்கியும் கடைசியில் ஒரு கை அளவுக்கு இடம் மிஞ்சியிருந்தது, அந்த இடத்தில் இவன் என்ன செய்தான் என்று காட்டுகிற கதை வேண்டும் எனக்கு. அப்படிப்பட்டவை குறைவு. வந்தால் இரண்டு தடவை பார்ப்பேன்.

ரோசம்மா கேட்டது

அன்று ஆட்டோவை விட்டு இறங்கியபோது வீட்டு வாசலில் ரோசம்மா நின்றுகொண்டிருந்தார். சேதி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. மகளை ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டெல்லா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும், ரோசம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ படிச்ச பொண்ணு கோமதி. தப்பு எம்பொண்ணு மேலயா, அவங்க மேலயா? மறைக்காம சொல்லு."

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். ரெண்டு பேர் மேலேயும்தான் அம்மா என்றேன். பல வாரங்கள் பேசிப் பேசி வந்து சேர்ந்த பதில் அது. நியாயமான பதில் என்றே இன்றும் நினைக்கிறேன்.

"அப்ப அவங்க எதுக்கு உள்ள கீறாங்க, இவ எதுக்கு வெளிய கீறா?"

 ரோசம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையை விட்டுவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்கப் போனார். மாடி ஏறி வந்து நான் பேச்சியிடம் அதைச் சொன்னேன். அவள் கையிலிருந்த நாவலை மூடி வைத்தாள். எங்கள் இருவருக்கும் காண்ட்ராக்ட்தான், கேள்வி கேட்டால் எங்களுக்கும் கேட் திறந்தே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

மறுநாள் காலை ஷிஃப்ட் மீட்டிங். மாதக் கடைசி. இன்று எத்தனை பெட்டி போக வேண்டும் என்று வரதன் சார் சொல்லிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, வழக்கம்போல யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அந்த இடத்தில் நாங்கள் யாரும் எதையும் கேட்டதில்லை.

நான் கை தூக்கினேன். ரோசம்மா கேட்டதை அவரிடமே கேட்டேன். நீங்கள் ஏன் உள்ளே, ஸ்டெல்லா ஏன் வெளியே?

அது மேனேஜ்மென்ட் முடிவு என்றார் அவர். அது ஏன் என்று பேச்சி கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். பின்வரிசையிலிருந்து, எனக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு பெண், போன மாதம் சுவிட்சை அழுத்தியதற்காக நிற்கவைக்கப்பட்டவள், அதற்கும் ஏன் என்று கேட்டாள். அவர் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் ஒருத்தி கேட்டாள். பாடத்தில் சொன்னபடி யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை, அவர் கண்ணைத்தான் எல்லோரும் பார்த்தோம்.

பெல் அடித்தது. லைன் ஓட ஆரம்பித்தது, வெறும் பலகைகளைச் சுமந்துகொண்டு. யாரும் நகரவில்லை. மேனேஜர் வந்தார். ஆபீஸிலிருந்தும் வந்தார்கள். முதலில் மிரட்டினார்கள், பிறகு கெஞ்சினார்கள், பிறகு மூலையில் நின்று போனில் பேசினார்கள்.  இந்த முறை பேச்சியின் கையை நான் பிடித்துக்கொண்டேன். அப்படியே நின்றோம்.

ஸ்டெல்லாவைக் கூட்டிவரக் கம்பெனி ஜீப் கேட்டைத் தாண்டி மண்ணூர் பக்கம் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் லைனுக்குப் போனோம்.